இரண்டு கோள்கள், ஒரே படம்: உங்கள் தொலைநோக்கி போதும்

உங்கள் கேள்வி இதுதான்: 150 மி.மீ. நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும்) தொலைநோக்கி, குவியத் தூரம் 1200 மி.மீ., கையால் தள்ளி நகர்த்தும் டாப்சோனியன் தாங்கி, ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா. வெள்ளியும் வியாழனும் நெருங்கி நின்ற மாலையில் படமெடுத்தீர்கள். வெள்ளி வெண்திட்டாக வீங்கிவிட்டது, வியாழனில் பட்டைகள் தெரியவில்லை, நிலாக்களும் இல்லை. மற்றவர்கள் படங்களில் இவை எல்லாம் இருக்கின்றனவே, என் தொலைநோக்கி போதாதா என்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்தப் படங்கள் ஒரே கிளிக்கில் வந்தவையா, ஒட்டிச் சேர்த்தவையா? பல ஆண்டுகளாகக் கோள்களைப் படமெடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தை வைத்து இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். தொலைநோக்கி தாராளமாகப் போதும். தவறு நடந்தது வெளிச்சக் கணக்கில்.

ஒரு கோளுக்கு எவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்பதை, அது வெறும் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பது தீர்மானிப்பதில்லை. அதன் முகத்தில் ஒவ்வொரு சிறு பகுதியும் எவ்வளவு ஒளிர்கிறது என்பதுதான் கணக்கு. அது இரண்டைப் பொறுத்தது: கோள் சூரியனிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது. நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது இதில் வராது. 2023 மார்ச் 1-ஆம் தேதிச் சேர்க்கையை, அதாவது இரண்டு கோள்கள் வானில் நெருங்கித் தெரிந்த நிகழ்வை, எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வெள்ளியின் பிரகாச எண் (எண் குறையக் குறைய ஒளி அதிகம்) ஏறக்குறைய மைனஸ் 4, வியாழனுடையது மைனஸ் 2. அதாவது மொத்த ஒளியில் வெள்ளி ஆறு மடங்குக்குச் சற்று அதிகம். ஆனால் வெள்ளியின் விட்டம் சுமார் 12 கோண விநாடி, வியாழனுடையது சுமார் 34. (ஒரு டிகிரிக்கு 60 கோண நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 கோண விநாடி.) எட்டில் ஒரு பங்கு பரப்பிலிருந்து ஆறு மடங்கு ஒளி வருகிறது. பெருக்கிப் பார்த்தால் வெள்ளியின் முகம் வியாழனின் முகத்தைவிட ஏறக்குறைய 50 மடங்கு ஒளிமிக்கது. நீங்கள் வைத்த எக்ஸ்போஷர் வெள்ளிக்கு மிக அதிகம். வியாழனுக்கும் கொஞ்சம் அதிகமாகப் போயிருக்க வேண்டும், அதனால்தான் பட்டைகள் கரைந்துபோயின. ஆனால் நிலாக்களுக்கு அதுவும் போதவில்லை. ஒரே எண்ணால் மூன்றையும் திருப்திப்படுத்த முடியாது.

உங்கள் தொலைநோக்கி எஃப் 8, அதாவது குவியத் தூரம் கண்ணாடியின் விட்டத்தைப்போல எட்டு மடங்கு. பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் வில்லை) இல்லாமல், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 200 வைத்தால், கோள்கள் நல்ல உயரத்தில் இருக்கும்போது நான் தொடங்கும் எண்கள் இவை: வெள்ளிக்கு 1/3000 விநாடி, செவ்வாய்க்கு 1/200, வியாழனுக்கு 1/100, சனிக்கு 1/30. தொடக்கம் மட்டும்தான். அடிவானத்தை ஒட்டிய தூசியும் ஈரமும் ஒளியை எவ்வளவு விழுங்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு மடங்கு, நான்கு மடங்கு கூட்ட வேண்டிவரலாம். கேமராவின் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) இங்கே கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் படச் சட்டத்தில் 99 சதவீதம் வெற்று வானம். திரையில் கோளைப் பெரிதாக்கி, முகத்தின் நடுப்பகுதி வெளுத்துப் போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்தே எடுங்கள். இருண்டதைப் பிறகு தூக்கலாம், வெளுத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இனி அந்த உள்கேள்வி. 2020 டிசம்பர் 21-இல் வியாழனும் சனியும் 6 கோண நிமிட இடைவெளியில் நின்றபோது வந்த படங்களில் பல உண்மையிலேயே ஒரே எக்ஸ்போஷரில் எடுத்தவை. சனியின் முகம் வியாழனின் முகத்தைவிட மூன்று மடங்கு அல்லது அதற்குச் சற்று அதிகமாக மங்கல், அவ்வளவுதான். 8 பிட் வீடியோவில்கூட, வியாழனை 256 படிகளில் 200-ஆவது படியில் வைத்தால் சனி 60-ஐ ஒட்டி வந்து உட்காரும். இரண்டும் கையில் இருக்கும். வெள்ளி–வியாழன் ஜோடியில் இது நடக்காது. வெள்ளி 200-இல் இருந்தால் வியாழன் 4-இல் கிடக்கும். நான்கு படிகளுக்குள் பட்டைகளைத் தேட முடியாது. அதனால் அந்த ஜோடியை 8 பிட் வீடியோவில் எடுக்க முயலாதீர்கள். 14 பிட் ரா கோப்பாக (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப் பதிவாக) எடுத்தால் அதே வியாழனுக்குச் சில நூறு படிகள் கிடைக்கும். வெள்ளிக்கு அளவான எக்ஸ்போஷரில் நூறு ரா படங்களை எடுத்து ஸ்டாக் செய்தால், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும், வியாழனும் மேலே வரும். ஒட்டுவேலை இல்லாமல் இரண்டு கோள்களையும் பெற இது நேர்மையான வழி. ஆனால் நிலாக்கள் இதில் வராது. வெள்ளியின் முகம், வியாழனின் பட்டைகள், நான்கு நிலாக்கள் மூன்றும் பளிச்சென்று தெரியும் படம் ஒன்றைப் பார்த்தால், அது இரண்டு மூன்று எக்ஸ்போஷர்களைச் சேர்த்தது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அதில் தவறில்லை, எப்படிச் சேர்த்தார்கள் என்பதே முக்கியம். அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது உருப்பெருக்கம். எல்லாரும் சறுக்கும் இடம் இது, நானும் சறுக்கியிருக்கிறேன். தனிக் கோளை எடுத்துப் பழகிய கை உடனே பார்லோவைத் தேடும். ஆனால் சேர்க்கைப் படத்தின் பொருள் கோள் அல்ல, இரண்டு கோள்களுக்கு இடையில் இருக்கும் அந்த வெற்றிடம். அது முழுதாகச் சட்டத்துக்குள் இருக்க வேண்டும், அதைச் சுற்றியும் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும். சட்டம் எவ்வளவு வானத்தைப் பிடிக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: சென்சாரின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து 3438-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால் கோண நிமிடம் கிடைக்கும். உங்கள் கேமராவின் சென்சார் சுமார் 22 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம் என்று வைத்தால், 1200 மி.மீ.-இல் 63-க்கு 43 நிமிடம். முழுநிலா 30 நிமிடம் சொச்சம்தான், எனவே அரை டிகிரிச் சேர்க்கை அழகாக அடங்கும். இரண்டு மடங்கு பார்லோ போட்டால் சட்டம் பாதியாகும். அரை டிகிரி இடைவெளியை நீளவாக்கில் ஓரத்தோடு ஓரமாகத்தான் நுழைக்க முடியும். 6 நிமிடச் சேர்க்கை என்றால் பார்லோவோடும் நிறைய இடமிருக்கும்.

2020-இல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போன்ற 1200 மி.மீ. குழாய்தான், மோட்டார் தாங்கியில். கேமரா மட்டும் சிறிய கோள் கேமரா, 1280-க்கு 960 பிக்சல், ஒவ்வொரு பிக்சலும் 3.75 மைக்ரோமீட்டர். பார்லோவோடு அது பிடிக்கும் அகலம் 6.9 நிமிடம், தேவையோ 6.1. நுழைந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டேன். ஆனால் 6.1 என்பது மையத்திலிருந்து மையம் வரை. ஒரு பக்கம் வியாழனின் பாதி, மறுபக்கம் சனி வளையத்தின் பாதி என்று 34 விநாடி அதிலேயே போய்விட்டது. இரண்டு ஓரங்களிலும் மிஞ்சியது ஏழேழு விநாடி. லேசான காற்று குழாயைத் தொட்டாலே வளையத்தின் நுனி சட்டத்துக்கு வெளியே போய்வந்தது. இருபது நிமிடம் அதோடு மல்லுக்கட்டினேன். கோள்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. கேமராவைத் திருப்பி இரண்டையும் மூலைவிட்டத்தில் வைத்திருந்தாலே ஒன்றரை கோண நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்திருக்கும், அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. கடைசியில் பார்லோவைக் கழற்றினேன். வியாழன் குறுக்கே ஐம்பது பிக்சல்தான் வந்தது, ஆனாலும் இரண்டு பட்டைகள் தெரிந்தன, சனி வளையத்தோடு நின்றது, இடையில் அந்தக் கறுப்பு. இன்றுவரை நான் வைத்திருப்பது அந்தப் படத்தைத்தான். வியாழனின் கலிஸ்டோ நிலா அதை விட்டு 7 கோண நிமிடத்துக்கும் மேல் விலகிப் போகக்கூடியது. அந்த மாலையில் சனி அதைவிட நெருக்கமாக நின்றது. பெரிதாக்கி எடுத்த எந்தத் தனிப்படமும் இதைச் சொல்லாது.

நியூட்டோனியனில் டிஎஸ்எல்ஆர் பொருத்துபவர்களுக்கு வரும் ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். பல நியூட்டோனியன்களில் ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்குப் பிம்பம் எட்டாது. சென்சார் கேமரா உடலுக்குள் ஆழத்தில் இருப்பதுதான் காரணம். உங்கள் படத்தில் வியாழன் தெளிவில்லாமல் போனதற்கு இதுவும் துணைக்காரணமாக இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. சோதிப்பது எளிது: பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸரை உள்நோக்கித் திருப்புங்கள். நட்சத்திரம் சிறுத்துச் சிறுத்து வந்து மீண்டும் பெரிதாகத் தொடங்கினால் ஃபோகஸ் எட்டுகிறது. சிறுத்துக்கொண்டே வந்து ஃபோகஸர் முட்டி நின்றுவிட்டால் எட்டவில்லை. அப்போது பார்லோ உதவும், அது ஃபோகஸை வெளியே தள்ளிக் கொடுக்கும். முழு இரண்டு மடங்கு வேண்டாம் என்றால், சில பார்லோக்களில் வில்லைப் பகுதியை மட்டும் கழற்றி அடாப்டரின் முனையில் திருகிக்கொள்ளலாம். உருப்பெருக்கம் ஒன்றரை மடங்கு அளவில் நின்றுவிடும்.

ஃபோகஸைக் கோளில் பிடிக்காதீர்கள். வியாழனின் விளிம்பு காற்றில் நெளியும்போது எது சரி என்று கண்ணுக்குப் பிடிபடாது. நட்சத்திரத்திலோ வியாழனின் நிலாவிலோ பிடியுங்கள். பாட்டினோவ் முகமூடி (ஃபோகஸ் சரியா என்று காட்ட, குழாயின் வாயில் வைக்கும் கோடுகள் வெட்டிய தகடு) இருந்தால் இன்னும் சுலபம். கண்ணாடியின் சீரமைப்பை அன்று மாலையே சரிபாருங்கள். குழாயை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்து ஆறவிடுங்கள். டாப்சோனியனைத் தொட்டால் அதிர்வு அடங்க இரண்டு மூன்று விநாடி ஆகும், அதனால் ஷட்டரைக் கையால் அழுத்தாமல் டைமரிலோ ரிமோட்டிலோ விடுங்கள்.

மோட்டார் இல்லையே என்ற கவலை உங்கள் எழுத்தில் தெரிகிறது. கோள்களின் முகத்துக்கு அது தேவையே இல்லை. வானம் விநாடிக்கு 15 கோண விநாடி நகரும். 1/100 விநாடியில் அது 0.15 கோண விநாடிதான். உங்கள் தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய நுண்மையே 0.8 கோண விநாடி அளவில் இருப்பதால், இந்த நகர்வு எங்கும் தெரியாது. ஜோடி நுழையும் ஓரத்தில் அதை வைத்துவிட்டுக் கையை எடுங்கள். பார்லோ இல்லாத சட்டத்தைக் கடக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதுவரை படங்களைக் குவிக்கலாம். சிக்கல் நிலாக்களில்தான். ஒரு விநாடி திறந்தால் ஒவ்வொரு நிலாவும் 15 கோண விநாடி நீளக் கோடாகும். ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றி 1/8 விநாடியில் எடுங்கள். வியாழனின் நான்கு நிலாக்களும் ஐந்தாம் பிரகாசத்தை ஒட்டியவை, 150 மி.மீ. கண்ணாடிக்கு அது போதும். இழுபடுவது இரண்டு கோண விநாடிதான், புள்ளியாகவே தெரியும். பதிவான புள்ளிகளை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளோடு ஒப்பிட்ட பிறகே நிலா என்று பெயரிடுங்கள். 2020-இல் வியாழனுக்கு அருகே ஒரு நட்சத்திரம் ஐந்தாவது நிலாபோல வரிசையில் நின்று பலரைக் குழப்பியது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் கணக்கு, அதனால் தைரியமாகச் சொன்னேன். இனிமேல் வருவது காற்றின் விஷயம், அங்கே யாருக்கும் உறுதி கிடையாது. வெள்ளியோ புதனோ கலந்துகொள்ளும் சேர்க்கை எதுவும் சூரியனை விட்டு அதிகம் விலகியிருக்காது. எனவே பெரும்பாலும் தாழ்வான வானத்தில், அந்தி வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டிவரும். 20 டிகிரி உயரத்தில் இருக்கும் கோளின் ஒளி, தலைக்கு மேலிருந்து வருவதைப்போல மூன்று மடங்கு காற்றைத் தாண்டி வருகிறது. 10 டிகிரியில் ஐந்தரை மடங்கு. பிம்பம் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசுபோல நெளியும். அத்தோடு காற்று பட்டகம்போல வேலைசெய்து நீலத்தை ஒருபுறமும் சிவப்பை மறுபுறமும் இழுக்கும். 20 டிகிரியில் இந்த விலகல் இரண்டு கோண விநாடியைத் தாண்டும். 12 விநாடி வெள்ளிக்கு அது பெரிய சேதம். இதைச் சரிசெய்யப் பட்டகக் கருவிகள் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் படலங்களைத் தனித்தனியே நகர்த்திப் பொருத்துங்கள், பாதிக்குமேல் சரியாகும்.

இருட்டட்டும் என்று காத்திருப்பது இதில் நட்டம். சூரியன் மறைந்த உடனே கோள்கள் உயரமாக இருக்கும், நீல வானப் பின்னணியில் வெள்ளியின் கண்கூசும் பளபளப்பும் தணிந்திருக்கும். முகங்களை அப்போது எடுத்துவிடுங்கள், வானம் கறுத்த பிறகு நிலாக்களுக்கு வாருங்கள். ஆனால் சூரியன் அடிவானத்துக்குக் கீழே முழுதாக இறங்கும்வரை தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம். கோளைத் துழாவும்போது ஒரு கணம் சூரியன் குறுக்கே வந்தாலும் கண் நிரந்தரமாகப் போய்விடும், கேமராவும் போய்விடும். விடியலில் நடக்கும் சேர்க்கையில் இது தலைகீழ். சூரியன் எழும் நேரத்தைக் குறித்துவைத்து, அதற்குப் பத்து நிமிடம் முன்பே குழாயை மூடிவிடுங்கள்.

எடுத்த படங்களைச் சேர்க்கும் வேலைக்கு வருவோம். பிப் மென்பொருளில் படங்களை வரிசைப்படுத்தி, ஆட்டோஸ்டாக்கர்ட்டில் நல்லவற்றைப் பொறுக்கி அடுக்கி, ரெஜிஸ்டாக்ஸில் கூர்மையாக்குவது வழக்கமான பாதை. மூன்றும் இலவசம். இதில் சேர்க்கைக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. வெள்ளி வியாழனைக் கடக்கும் வேகம் நாளுக்கு ஒரு டிகிரி வரை போகும், அதாவது நிமிடத்துக்கு இரண்டரை கோண விநாடி. நான்கு நிமிடப் படங்களை வியாழனை வைத்து அடுக்கினால் வெள்ளி அதன் விட்ட அளவுக்கே இழுபட்டுப் போகும். எனவே ஒவ்வொரு கோளையும் தனியாக அடுக்குங்கள். பிறகு அதே தொடரில் நடுவில் எடுத்த ஒரு தனிப்படத்தைத் திறந்து, அதில் இரண்டு கோள்களும் எந்தெந்தப் பிக்சலில் இருக்கின்றனவோ அங்கேயே அடுக்கிய முகங்களை வையுங்கள். நிலாக்களின் நீண்ட எக்ஸ்போஷரையும் அதே இடத்தில், அதே அளவில் பொருத்துங்கள். இப்படிச் செய்தால் இடைவெளியும் கோணமும் அளவும் வானத்தில் இருந்தபடியே இருக்கும். வியாழனைப் பார்லோவோடு தனியாக எடுத்துப் பெரிதாக்கி ஒட்டினாலோ, அழகுக்காகக் கோள்களை நெருக்கி வைத்தாலோ, அதைச் சேர்க்கைப் படம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. படத்தின் கீழே எத்தனை எக்ஸ்போஷர், எந்த நேரம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுற்றிவிடுவதால், படங்களை மூன்று நான்கு நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. இந்த அளவு உருப்பெருக்கத்தில் அதற்குமேல் அதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம்.

மேகம் வந்தால்? வியாழன்–சனி ஜோடிக்குப் பொறுமை உண்டு. 2020-இல் டிசம்பர் 21-க்கு முன்னும் பின்னும் நான்கு நாட்கள் அவை அரை டிகிரிக்குள்ளேயே இருந்தன. வெள்ளி அப்படிக் காத்திருக்காது, ஒரே நாளில் சட்டத்தை விட்டுப் போய்விடும். ஆனால் வெள்ளியும் வியாழனும் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை சந்தித்துக்கொள்கின்றன. வியாழனும் சனியும் அடுத்துச் சேர்வது 2040-இல், அதுவும் ஒரு டிகிரிக்கு மேல் விலகி. 2020-ஐப்போன்ற நெருக்கத்துக்கு 2080 மார்ச் வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு முன் ஒத்திகை பார்க்க விரும்பினால் வசிஷ்டரும் அருந்ததியும் இருக்கிறார்கள். இருவருக்கும் இடைவெளி 12 கோண நிமிடம், உங்கள் சட்டத்தில் வசதியாக உட்காரும். வசிஷ்டரே இரட்டை நட்சத்திரம், துணைவிண்மீன் 14 கோண விநாடி தள்ளி நிற்கிறது. நட்சத்திரத்துக்குக் கோளின் எண்கள் பொருந்தாது, ஐஎஸ்ஓ 1600-இல் 1/15 விநாடியில் தொடங்குங்கள். ஜோடியை ஓரத்தில் வைத்து, கையை எடுத்து, டைமரில் ஐம்பது படம் எடுத்து, கணினியில் முழு அளவில் திறந்து பாருங்கள். வசிஷ்டர் மையத்துக்கு மையம் சுமார் இருபது பிக்சல் விலகி இரண்டாகப் பிரிந்து, நடுவே இருள் தெரிந்தால் ஃபோகஸும் அதிர்வும் சரியாக இருக்கின்றன. பிரியாமல் ஒரே திட்டாக வந்தால் அவற்றில் மூன்று படங்களை ரா கோப்பாகவே அனுப்புங்கள், ஃபோகஸர் எட்டவில்லையா, கண்ணாடி சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.